எட்டுப் போடப் பழகும் மகன்

கல்முனைப் பக்கத்தில் பதினெட்டு வயதை எட்டிப் பிடிக்கும் மகன் ஒருவன் இருக்கும் வீட்டில், இராச் சாப்பாட்டு வேளையில் அடிக்கடி எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. "வாப்பா, எப்ப லைசன்ஸ் எடுக்கப் போவம்?" என்பான் மகன். வாப்பா வாய் திறக்குமுன், "முதல்ல படிப்பு முடியட்டும் மகன்" என்று உம்மா முந்திக்கொள்வார். மோட்டார் சைக்கிள் முற்றத்திலே நிற்கும். அதன் திறப்பு வாப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்.

உம்மாவின் அச்சத்தைப் பேதைமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் இங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையே இவ்வூர்களுக்குக் கடைத்தெருவுமாகும். நெடுந்தூர பஸ் வண்டியும், உழவு இயந்திரமும், முச்சக்கர வண்டியும், பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளும் அந்த ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அறுவடைக் காலத்திலே வீதியோரத்தில் நெல்லும் காய்கிறது. நெல்மணியின் மீது ஏறிய சக்கரம் கடல்மணலில் ஏறியது போலவே வழுக்கும். அங்கே பிரேக்கை இறுகப் பிடிப்பவன் விழுவது திண்ணம்.

சட்டம் வகுத்திருக்கும் வழி யாவரும் அறிந்ததே. வைத்தியச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், பின்னர் செயன்முறைப் பரீட்சை. பயிலுநர் பத்திரத்துக்கும் செயன்முறைப் பரீட்சைக்கும் இடையில் மூன்று மாதங்கள் கழிய வேண்டும். அம்மூன்று மாதங்களையும் வீண் காத்திருப்பு என்று எண்ணுவோர் பலர். கடைசி வாரத்தில் நாலைந்து நாள் எட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு மகனைப் பரீட்சைக்கு அனுப்பும் தந்தையர் உண்டு. அவன் சித்தியெய்தியும் விடுவான்! கவலைக்குரியது அதுதான்.

எட்டு வடிவில் ஓட்டுவது வேடிக்கை வித்தையன்று. மெதுவாகச் செல்லும் இருசக்கர வண்டிதான் எளிதில் சாயும். சந்தை நெரிசலில் வேண்டப்படுவதும் அந்த மெதுவான ஓட்டமே. சுபஹுத் தொழுகை முடிந்து ஊர் விழிக்குமுன், ஆளில்லாத திடலொன்றில் மகனைப் பழக்கலாம். முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவன் காலை ஊன்றிவிடுவான். திரும்ப வேண்டிய இடத்தைத் தலை நிமிர்ந்து பார்ப்பவனுக்கு வண்டி தானாக வளைந்து கொடுக்கும். எஞ்சினின் இழுவையைச் சீராக வைத்துக் கிளச்சைப் பாதி பிடித்தபடி, பின் பிரேக்கை மெல்லத் தொட்டு வேகத்தை அடக்க வேண்டும். கைபிடி வளைந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடலாகாது. மகன் தவறும் ஒவ்வொரு முறையும் வாப்பா சத்தம் போட்டால், அவன் கண் வழியை விட்டு வாப்பாவின் முகத்துக்கே போகும். பொறுமையில்லாத தந்தை, பொறுமையுள்ள ஒரு மாமாவிடம் இவ்வேலையை ஒப்படைப்பது நலம்.

பிரேக் பிடிக்கும் பாடம் தனிப் பாடம். நேரே செல்லும் வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பிப் பழகியவன் அவசரத்தில் ஏமாறுவான். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 10 மீற்றர் ஓடிவிடுகிறது. கண் கண்டதைக் கை செய்யுமுன்னரே கழியும் தூரம் அது. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இதை வாயால் சொல்வதைவிட, திடலில் இரண்டு கற்களை வைத்து நிறுத்திக் காட்டச் சொன்னால் பையன் தானே வியந்து போவான்.

தலைக்கவசத்தின் கதையையும் அவனுக்குச் சொல்லலாம். 1935 ஆம் ஆண்டு மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பி வீழ்ந்தார், புகழ்பெற்ற ஆங்கிலேயரான டி. ஈ. லோரன்ஸ். தலையில் கவசம் இல்லை. ஆறு நாளில் உயிர் பிரிந்தது. அவரைப் பார்வையிட்ட மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அந்த மரணத்தை மறக்கவில்லை. படைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அடைந்த தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் கட்டுரை வெளியிட்டார். பிரித்தானியாவில் அனைவர்க்கும் கவசம் கட்டாயமானது 1973 இலேதான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளிவந்த மதிப்பீடொன்று, கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டது. ஆயினும் நம் ஊரில் அக்கவசம் கைபிடியில் தொங்குவதை எத்தனை முறை காண்கிறோம்! தாடைப்பட்டி மாட்டாத கவசமும் விழும்போது தலையை விட்டுத் தனியே உருண்டுவிடும்.

பரீட்சைத் திடலில் நெல்மணியும் இல்லை, நிற்கும் பஸ்ஸின் முன்னாலிருந்து திடீரென ஓடிவரும் குழந்தையும் இல்லை. ஆகவே, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பின்னும் தந்தைக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. முதற் சில பயணங்களில் அவரே பின்னால் அமர்ந்து, பள்ளிக்கூடம் விடும் வேளையிலும், வடகீழ்ப் பருவ மழையில் நனைந்த வீதியிலும் ஒருமுறை அக்கரைப்பற்று வரை போய் வரலாம். வலப்புறம் திரும்புமுன் மகன் தோளுக்கு மேலாகப் பின்னே பார்க்கிறானா என்பதைப் பின்னால் இருப்பவரே அறிவார். அவன் மறக்காமல் பார்க்கத் தொடங்கிய நாளில், திறப்பு வாப்பாவின் சட்டைப் பையிலிருந்து முன்வாசல் ஆணிக்கு இடம் மாறலாம். உம்மாவும் மறுப்புச் சொல்லமாட்டார்.