சுமையில்லாமல் ஏறுவோம்

(இரவிகுளம் நடைப்பயணத்துக்கு முன், மாணவர் வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு நடைப்பயணம் போவதென்று முடிவெடுத்திருக்கீங்க. கவிதை வாசிக்க என்னைக் கூப்பிடல, திட்டம் போடக் கூப்பிட்டிருக்கீங்க. வங்கிக் குமாஸ்தாவுக்கு அது தோதான வேலைதான்.

'போராட்டம் ஆயிரம் கிடக்க, மலையில போய் நடக்கிறது மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு இல்லையா?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மலையேறுவது நம்ம சனத்துக்குப் புதுசா? மூணாறுச் சரிவுகளைத் தேயிலைத் தோட்டமாக்கியது யார்? திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து கங்காணிமார் பின்னால் போன நம்ம பாட்டன் பாட்டிமார். பெரும்பகுதி தலித்துகள். தலையில் மூட்டையோடும் முதுகில் கொழுந்துக் கூடையோடும் ஏறினார்கள். சுமையில்லாமல், கூலிக்கில்லாமல், சும்மா பார்த்து மகிழ்வதற்காக ஏறுகிற உரிமைதான் அவர்களுக்கு இல்லாமல் போனது. அதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

அங்கே இருக்கிற ஆனைமுடி 2695 மீட்டர். 1862இல் டக்ளஸ் ஹாமில்டன் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி முதலில் ஏறியதாகப் பதிவு. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்கிற முதுவர்கள் ஏறியதற்குப் பதிவில்லை. எழுதுகிறவன் கையில்தான் 'முதல்' இருக்கு. பூங்காவின் புல்வெளி, தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்காகக் காத்து வைத்த இடம். காவல் நின்றது முதுவர்கள். 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா.

இனித் திட்டம்.

ஒன்று, காலம். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும், பூங்காவை மூடிடுவாங்க. சூன் தொடங்கினால் அடைமழை. டிசம்பர் கடைசி, சனவரி தோதான காலம். குறிஞ்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான்.

இரண்டு, அனுமதி. பொதுமக்கள் ராஜமலைப் பகுதி வரைதான் போகலாம். அங்கே வனத்துறை வண்டியில் போய், பிறகு நடை. அதைத் தாண்டி நடக்க வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப முடியாது. அனுமதி கேட்பது அதிகாரத்துக்குக் கும்பிடு போடுவதல்ல, நம்ம உயிர் மலிவில்லை என்பது.

மூன்று, துணை. ஸ்வெட்டர், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு. ஷூ இல்லாத தோழருக்குப் பொதுப் பணத்தில் வாங்கணும். மெதுவாக நடக்கிறவர் முன்னால் நடக்கட்டும், மற்றவர்கள் அவர் வேகத்துக்கு வரட்டும். பெண் தோழர்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் வண்டி நிற்கணும். வழிகாட்டியாக முதுவர் யாரும் வந்தால் பேசின கூலியைக் குறைக்காமல் கொடுங்க. நம்ம பையை அவர் முதுகில் ஏற்றாதீங்க. சுமையில்லாமல் ஏறுவது என்றால் இன்னொருத்தர் தலையில் மாற்றி வைப்பதல்ல.

நான்கு, பெட்டிமுடி. ராஜமலையை அடுத்த எஸ்டேட் பகுதி. 2020 ஆகஸ்டு 6 இரவு மண் சரிந்து நாலு லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள். கயத்தாறுப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் பல. அடக்கம் செய்ததும் ராஜமலையில்தான். வரையாட்டைப் பார்க்கப் போகிற நாம் அந்த இடத்தைக் கேட்டு, போய் நின்றுவிட்டு வரணும். கேமரா பைக்குள் இருக்கட்டும். கொழுந்து பறிக்கிற பெண்களையும் கேட்காமல் படம் பிடிக்காதீங்க. 2015 செப்டம்பரில் போனஸ் வெட்டை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்து, மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமைப் பெண்கள் அவர்கள். பேச வாய்த்தால் கேளுங்க. நாம் போய்ச் சொல்லிக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

மலை அழகானதுதான், தோழர்களே. அழகை ரசிக்க நமக்கு யாரும் அனுமதிச் சீட்டு தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அழகுக்கு அடியில் யாருடைய உழைப்பு கிடக்கிறது என்று தெரிந்து ரசிக்கிற கண் நமக்கு வேணும்.

வருகிற ஞாயிறுக்குள் பட்டியல் கொடுங்க: யார் வர்றீங்க, யாருக்கு ஷூ இல்லை, யாருக்கு மூச்சிரைப்பு இருக்கு. கூச்சப்படாமல் எழுதுங்க.