குளத்து நீரும் பயிர் மருந்தும்

(மன்னார்ப் பகுதிக் கமக்காரருக்கு ஆற்றிய உரை)



கட்டுக்கரைக் குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி நீந்தும் சிறு புள்ளிகள் தென்படும். அவற்றுட் சில நீர்த்தெள்ளு எனப்படும் உயிர்கள். நுண்பாசியை உண்டு நீரைத் தெளிய வைப்பனவும், பின்னர் மீன்குஞ்சுக்கு இரையாவனவும் இவையே. இவை அருகினால் நீர் பச்சை பூக்கும், மீனும் குறையும்.

நீர்த்தெள்ளு பூச்சிக்கு உறவினம், தோலுரித்தே வளர்வது. தோலுரிப்பையும் இனப்பெருக்கத்தையும் நடத்துவன அதன் உடலிலுள்ள ஓமோன்கள். ஆகவே பூச்சியின் ஓமோனைக் குழப்பவென ஆக்கிய மருந்து இதனையும் குழப்புதல் வியப்பன்று. வெண்ணீக்கும் நுளம்புக் குடம்பிக்கும் பல நாடுகளில் வழங்கும் பைரிப்புரொக்சிபென் அத்தகையது. நற்காலத்திற் பெண் நீர்த்தெள்ளு ஆணின்றியே பெண்குஞ்சுகளை ஈன்று விரைவிற் பெருகும். இம்மருந்து பட்டாலோ ஆண்குஞ்சுகளை ஈனும் என யப்பானிய ஆய்வாளர் 2003இற் காட்டினர். ஆண்கள் மிக, பெருக்கம் தளரும். இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பெற்ற எண்டோசல்பான் நீர்த்தெள்ளின் தோலுரிப்பைத் தாமதிக்கச் செய்வதும் முன்னரே அறியப்பட்டதாகும்.

சாகவில்லையே, ஆதலாற் கேடில்லை என்பார் உளர். அது தவறு. கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஏரியொன்றில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள ஓமோனை இலீற்றருக்கு 5, 6 நனோகிராம் அளவே இருக்கும்படி கலந்தனர். நனோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவிலேயே ஆண்மீன்கள் பெண்தன்மை எய்தின. சிறுமீன் இனமொன்று அவ்வேரியில் அற்றுப்போகும் நிலையை அடைந்தது.

நமது குளத்துக்கு நீர் தருவது அருவியாறு. அநுராதபுரத்து வயல்களின் கழிநீரையும் ஏற்றுத் தேக்கம் அணைவரை வருவது அது. மேலேயுள்ளோர் செய்வதை நாம் தடுத்தல் அரிது. நம் வயலின் கடைவாயை அடைத்தல் எளிது. மருந்து தெளித்தபின், சிட்டையிற் குறித்த காலம் வரையில் வயல்நீரை வெளியே விடாதீர்கள். வரம்பில் நண்டு வளையிருப்பின் முன்னரே அடையுங்கள். மழைக்குறி கண்டால் தெளிப்பதை ஒத்திவையுங்கள். தத்தியோ வெண்ணீயோ கண்ணிற் படுமுன் காவலுக்கென மருந்தடித்தல் பணத்துக்கும் நட்டம்.

தெளிகருவியை வாய்க்காலிற் கழுவும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கழுவிய நீரை அதே வயலிலேயே தெளித்துவிடுங்கள். வெற்றுப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரையும் கருவியினுள்ளேயே ஊற்றுங்கள். வாய்க்காலில் விட்டது 2010இல் இராம்சார் சாசனத்திற் சேர்க்கப்பெற்ற வங்காலைச் சரணாலயத்துச் சதுப்புவரை சென்று சேரக்கூடும்.