நீலப் பேய்க்கு ஒரு பாக்கி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலை அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டிரினிடாட் தீவில் பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் எட்டு மாதம் குழாய்ப் பாதை வேலை பார்த்தேன். குழாயைப் பற்றிப் பேசினால் மெக்கானிக்கல் பசங்களே தூங்கிடுவாங்க. அதனால் அங்கே நான் பார்த்த பேய்களைப் பற்றிச் சொல்கிறேன்.

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் அங்கே கார்னிவல். திங்கள் விடியுமுன்பே சேறும் பெயிண்டும் பூசிக்கொண்டு ஜனங்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள். அவர்களோடு பேய்களும் வரும். அகலத் தொப்பி போட்ட அழகி ஒருத்தி. பாவாடைக்குள்ளே ஒரு கால் மட்டும் மாட்டுக் குளம்பு. ஆண்களைக் காட்டுக்குள் இழுத்துப் போகும் லா ஜாப்லெஸ் அவள்தான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் டூவன். பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும். பொழுது சாய்ந்தபின் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, டூவன் கேட்டுக்கொண்டு கூப்பிட்டுப் போய்விடும் என்பார்கள். தோலைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புப் பந்தாய்ப் பறக்கும் கிழவி சூக்குயான். வாசலில் அரிசியை இறைத்துவிட்டால் போதும், எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும். நம்ம கொள்ளிவாய்ப் பிசாசுக்கு அக்கா முறை வேண்டும்!

எனக்குப் பிடித்தது மோக்கோ ஜம்பி. ஆப்பிரிக்காவிலிருந்து கடலிலேயே நடந்து வந்ததாம். பத்துப் பதினைந்து அடிக் கட்டைக்கால். கட்டையின் அடி உள்ளங்கை அளவுகூட இல்லை, அதனால் அவர்கள் நிற்கவே முடியாது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டெபிலிட்டி பாடத்தில் நான் அரியர் வைத்தவன். அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் அதைக் காலாலேயே போட்டுக் காட்டினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் மாலை, உடன் வேலை பார்த்த ஃபோர்மேன் என்னைப் பாராமின் என்ற மலைக் கிராமத்துக்கு அழைத்துப் போனார். பிஸ்கட் டின்னைத் தட்டுகிற சத்தம். இருட்டில் உடம்பெல்லாம் நீலம் பூசிய பேய்கள். துணிக்குப் போடுவோமே, அதே நீலம்தான். வாயில் மண்ணெண்ணெய் வைத்து நெருப்பு ஊதுகிறார்கள். ஒருவன் இடுப்பில் கயிறு. இன்னொருவன் அதைப் பிடித்து இழுக்கிறான். கயிறு கட்டிய பேய் நேரே என் முகத்துக்கு எதிரில் வந்து கையை நீட்டியது. "பேய்க்குக் காசு கொடு!"

நான் இரண்டடி பின்னால் போய், "என்ன சார், பிச்சையா?" என்றேன் ஃபோர்மேனிடம். மனுஷன் முகம் மாறிவிட்டது.

"பிச்சை இல்ல தம்பி, பாக்கி" என்றார்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார். 1783க்குப் பிறகு பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் வந்து குடியேறி, மாளிகைகளில் முகமூடி விருந்து நடத்தினார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. முதலாளிகளோ விளையாட்டாக அடிமை வேஷம் கட்டி ஆடினார்களாம்! 1838இல் முழு விடுதலை வந்ததும் இவர்கள் தெருவைப் பிடித்துக்கொண்டார்கள். 1881இல் தீப்பந்த ஊர்வலத்தை அடக்க வந்த போலீஸோடு அடிதடியே நடந்தது. இந்த நீலப் பேய்க்கு மூத்தது மொலாசஸ் பூசிய கறுப்புப் பேய். கொதிக்கிற பாகில் விழுந்து செத்த அடிமையின் ஆவி என்பார்கள். இடுப்புக் கயிறு ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடிமைகளை விட்டதுக்கு இங்கிலாந்து நஷ்ட ஈடு கொடுத்துச்சு, தெரியுமா? சாம்ராஜ்யம் பூராவுக்கும் 2 கோடி பவுண்டு. எல்லாம் முதலாளிக்கு. பாகில் விழுந்தவனுக்கு ஒரு பைசா இல்ல. இப்ப அவன் வந்து கேட்கிறான்."

"நான் இந்தியன் சார், எனக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"அவங்க விட்ட கரும்புத் தோட்டத்துக்கு 1845க்கு அப்புறம் கப்பல் ஏறி வந்தவன் யாரு? என் பாட்டனோட பாட்டன். மெட்ராஸிலிருந்து வந்தவராம். அவங்க பாக்கி வாங்கினா எனக்கும் சந்தோஷம்தான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. திரும்பிப் போய், அந்தப் பேயைத் தேடிப் பிடித்து 20 டாலர் நோட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என் சட்டையில் இரண்டு கையையும் பதித்துவிட்டுச் சிரித்தது. பல்லெல்லாம் நீலம்.

வண்டி ஏறப் போனால் அடுத்த பேய் வழி மறித்து நிற்கிறது. ஃபோர்மேனைப் பார்த்தேன்.

"அது தனிக் கணக்கு தம்பி" என்றார்.