மெய்ப்பிக்கப்பட்ட நிரலே நிரல்



1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்தினின்று எழுந்த அரியேன் 5 ஏவூர்தி, ஏறத்தாழ 40 நொடியில் வானிலேயே சிதறியது. பொறியில் பழுதில்லை, குறை நிரலில் இருந்தது! ஊர்தியின் நிலையை அளக்கும் கணினி, 64 இரும இலக்க எண்ணொன்றை 16 இலக்கத்துள் அடைக்க முயன்றது. எண் அடங்கவில்லை, கணினி நின்றது. துணைக் கணினியும் அதே நிரலையே தாங்கியிருந்தமையால் இரண்டும் வீழ்ந்தன. அந்நிரலோ அரியேன் 4இல் பழுதின்றி உழைத்தது! பழையதற்குப் பொருந்தியது புதியதற்கும் பொருந்துமென்று கொண்டதே பிழை.

ஓட்டிப் பார்த்தல், பிழை உண்டென்று காட்டும், இல்லையென்று காட்டாது. ஆகவே அறிஞர் கணக்கியல் மெய்ப்பை நாடினர். 2009இல் ஆத்திரேலிய ஆய்வாளர், எசு.இ.எல். 4 என்னும் கணினி இயக்க உட்கருவின் ஏறத்தாழ 8,700 வரி நிரல், தன் வரையறைக்கு முற்றும் ஒத்ததென மெய்ப்பித்தனர். மெய்ப்போ ஏறத்தாழ 2,00,000 வரி! அதன் ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்த்தது. எனினும், வரையறையே தவறாயின் மெய்ப்பும் காவாது. அதனைச் செவ்வனே வகுத்தல் மாந்தர் கடன்.

இன்று கணினியே நிரல் எழுதுகின்றது. பெருகும் வரிகளை எல்லாம் படித்தாய்வார் யார்? வானூர்தியும் மருத்துவக் கருவியும் நிரலை நம்பி இயங்குங்கால், எழுதிய விரைவு பெருமையன்று. மெய்ப்பித்த உறுதியே பெருமை!