தேவபயமும் வேதக் கல்வியும்



தேவபயம் என்பது நடுக்கமன்று, பெருமையறிந்து பணிதலாகும். நெகேமியாவின் 8ஆம் அதிகாரம் இதற்குச் சான்று. சிறையிருப்பினின்று மீண்ட மக்கள் எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்பாகக் கூடினர். மரப்பீடத்தில் நின்ற எஸ்றா வேதநூலைத் திறந்ததும் அனைவரும் எழுந்து நின்றனர். அது பயபக்தி. காலை முதல் நண்பகல்மட்டும் ஆடவரும் பெண்டிரும் செவிகொடுத்தனர். லேவியர் பொருள் விளக்கினர். அது கல்வி. கேட்டு அழுதவர்கள், பொருள் விளங்கியதால் மகிழ்ந்து வீடு திரும்பினர்.

சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. நூல் தமிழில் வந்த பின்னும், எழுத்தறிவு மறுக்கப்பட்ட நம் முன்னோருள் பலர் பிறர் வாசிக்கக் கேட்டே அதனை நெஞ்சில் இருத்தினர். நமக்கோ நூலும் உண்டு, எழுத்தும் உண்டு. ஆயினும் அதனைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து வணங்குவதோடு அமைவோமாயின், எழுந்து நின்றவர்களாவோம், கற்றவர்களாகோம்.

ஆதலின், நாள்தோறும் ஓர் அதிகாரம் வாசிப்போம். படித்த பிள்ளை வாசிக்க, படியாத தாய் கேட்கட்டும். விளங்காததை வினவுவோம், வினவுதல் அவமதிப்பன்று. அறிந்து பணிவதே மெய்யான தேவபயம்.