உழைக்கும் தாய்க்கும் ஜகாத் உண்டு



"சம்பளம் வாங்குகிறவருக்கு ஜகாத் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சூரத்துல் கஹ்ஃபில், கடலில் உழைத்தவர்களை, சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தவர்களையே அல்லாஹ் மிஸ்கீன்கள் என்கிறான். உழைத்தும் போதாதவர் மிஸ்கீன்தான்.

சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் தினமும் 4 முறை போய்ப் பார்த்து வரலாம். திருபுவனை, சேதராப்பட்டு கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வேலைக்கும் சின்னக் கடைகளுக்கும் போகும் நம் சகோதரிகளுக்கு அந்தச் சட்டம் எட்டாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்று அவர்களையே கேளுங்கள். அந்தச் செலவை ஜகாத்தாக அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். ரமலானில் மொத்தமாக வசூலிப்பதை மாதாமாதம் பிரித்துக் கொடுக்க ஜமாஅத் முடிவு செய்யட்டும்; அந்தச் செலவு மாதாமாதம்தானே வருகிறது?