இயந்திரத்துக்குள் உறையும் ரத்தம்



தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பா படுத்திருக்கிறார். ரத்தத்தில் கிருமித் தொற்று பரவி, சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. கட்டிலருகே ஓர் இயந்திரம் இரவு பகலாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மறுநாள் காலையில் தாதி வந்து, "வடிகட்டி அடைத்துக்கொண்டது, மாற்றப் போகிறோம்" என்கிறார். வெளியே காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நெஞ்சு பதறுகிறது. இயந்திரம் பழுதா? அப்பாவுக்கு ஆபத்தா?

பயம் வேண்டாம். ஆனால் விஷயத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

வழக்கமான டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, சுமார் 4 மணி நேரம் நடக்கும். ரத்த அழுத்தம் குறைந்து தவிக்கும் நோயாளியின் உடல் அந்த வேகத்தைத் தாங்காது. அதனால்தான் 24 மணி நேரமும் மெதுவாக நடக்கும் தொடர் டயாலிசிஸ் தரப்படுகிறது. இதன் முன்னோடி முறையை 1977இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் டாக்டர் பீட்டர் கிராமர் குழுவினர் அறிமுகப்படுத்தினர்.

நம் ரத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. ரத்தக் குழாயை விட்டு வெளியேறி அந்நியப் பொருளைத் தொட்டாலே அது உறையத் தொடங்கிவிடும். காயம் பட்டால் உயிரைக் காக்கும் அதே குணம், இங்கே இடைஞ்சலாகிறது. வடிகட்டி அடைபட்டால் சுத்திகரிப்பு நின்றுபோகும். குழாய்களில் உள்ள ரத்தமும் வீணாகலாம்.

இதைத் தடுக்க நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து ஹெப்பாரின். மலிவானது, மருத்துவர்களுக்கு நன்கு பழகியது. ஆனால் அது உடல் முழுவதும் ரத்த உறைவைக் குறைப்பதால், அறுவை சிகிச்சை செய்தவருக்கும் வயிற்றில் புண் உள்ளவருக்கும் ரத்தக் கசிவு ஏற்படலாம். சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் சரிந்துவிடும்.

மற்றொரு வழி சிட்ரேட். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். இயந்திரத்துக்குள் நுழையும் ரத்தத்தில் சிட்ரேட்டைக் கலந்தால், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உடலுக்கு ரத்தம் திரும்பும்போது கால்சியத்தைத் தனியே ஏற்றிச் சமன்செய்வார்கள். ஆக, உறைவுத் தடை இயந்திரத்துக்குள் மட்டுமே!

2020இல் வெளியான ஜெர்மனி ஆய்வில் 596 நோயாளிகள் பங்கேற்றனர். வடிகட்டியின் ஆயுள் சிட்ரேட்டில் சுமார் 47 மணி நேரம், ஹெப்பாரினில் 26 மணி நேரம். ரத்தக் கசிவும் சிட்ரேட்டில் குறைவு. ஆனால் புதிய தொற்றுகள் அதிகம். உயிர் பிழைப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சிட்ரேட்டைக் கரைப்பதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. கல்லீரல் மிகவும் பழுதானவருக்கு அது தேங்கிவிடும் என்பதால், ரத்தத்தில் கால்சியத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். எனவே எல்லாருக்கும் ஒரே மருந்து என்பதில்லை.

மருந்து மட்டும் போதாது. கழுத்திலோ தொடையிலோ செருகிய குழாய் மடங்காமல் இருக்க வேண்டும். எச்சரிக்கை மணி ஒலித்தவுடன் தாதி ஓடி வருவதும் இதற்காகத்தான். ரத்தம் ஓடாமல் நின்றால் உறைவு முந்திக்கொள்ளும்.

குடும்பத்தினருக்கும் பொறுப்பு உண்டு. நோயாளி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, முன்பு ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாமல் போனதா, கல்லீரல் கோளாறு உண்டா, வயிற்றில் ரத்தக் கசிவு இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பேச முடியாமல் படுத்திருப்பவருக்காகப் பேச வேண்டியவர்கள் நீங்கள்தானே!